புறச்சேரிக் கோழியும் தவிட்டுக் கணக்கும்

பட்டினப்பாலையைப் படித்தவர்கள் மறக்காத கோழி ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து அகநகரில், அகன்ற முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த அது வருகிறது. காவலிருக்கும் பெண் அதைக் கல்லெடுத்து விரட்டவில்லை. காதில் கிடந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். எறிந்த குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேருக்குக் குறுக்கே கிடந்து வழியைத் தடுக்கிறது. சோழநாட்டு வளத்தைப் பேச எழுந்த எத்தனையோ மேடைப் பேச்சாளர்கள் அந்தக் குழையை மீண்டும் மீண்டும் வீசியிருக்கிறார்கள்.

அதே பாட்டில் இன்னொரு கூட்டம் கோழிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் பொன்னால் விரட்டவில்லை. பரதவர் வாழும் புறச்சேரியில், உறைகிணறுகளின் பக்கத்தில், குட்டிகளோடு திரியும் பன்றிகளுடன் சேர்த்து ஒரே மூச்சில் அவற்றைச் சொல்லிவிட்டு, செம்மறிக் கிடாயும் கவுதாரியும் விளையாடும் காட்சிக்கு நகர்ந்துவிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மேடைகளில் இந்தக் கோழிகளுக்கு இடம் கிடைத்ததில்லை.

அகநகர்க் கோழி மனிதருக்கான தானியத்தைத் திருடித் தின்றது. அதில் ஐயமில்லை. புறச்சேரிக் கோழியும் பன்றியும் எதைத் தின்று வளர்ந்தன? உரையாசிரியர்களுக்கு இந்தக் கேள்வி அவசியமற்றதாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படியல்ல. பூம்புகார் இன்று சீர்காழி வட்டத்து ஊர். அந்த வட்டத்துக் கொல்லைப்புறங்களில் கோழி வளர்க்கும் பெண்களுக்கு, 'மாற்றுத் தீவனம்', 'புரதச் சமநிலை' என்ற சொற்களோடு அசோலாவையும் கரையானையும் இன்று பரிந்துரைக்கிறார்கள். எதற்கு மாற்று என்பது தெரியாமல் மாற்றைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது. (அழுத குழந்தைக்கு அம்மை பொற்கிண்ணத்தில் பாலூட்டிய கதையால் பெயர்பெற்ற ஊர் சீர்காழி. அங்கிருந்து தீனியின் வரலாற்றைத் தொடங்குவதில் பொருத்தக்கேடு ஒன்றுமில்லை.)

பன்றியின் தீனியைப் பற்றி உருத்திரங்கண்ணனார் வேறோரிடத்தில் வெளிப்படையாகவே பேசுகிறார். தொண்டைமான் இளந்திரையன்மேல் அவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தொண்டைநாட்டுக் கடற்கரைப் பக்கத்தில் கள் சமைக்கும் பெண்கள் வருகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து குழம்பாகிக் கிடக்கிறது. அந்தச் சேற்றில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. ஆண்பன்றி மட்டும் பெண்பன்றிகளோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தப்பட்டிருக்கிறது. நெல்லை இடித்த மாவை அதற்குப் பல நாள் ஊட்டி வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த பன்றியின் கொழுத்த ஊனும் கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும் என்கிறது பாட்டு.

இன்றைய கால்நடை அறிவியல் படித்தவர் இதைப் படித்தால் தலையசைப்பார். அடைத்துவைத்தல், இனச்சேர்க்கையைத் தடுத்தல், மாவுச்சத்து மிகுந்த தீனி ஆகிய மூன்றும் கொழுப்பு ஏற்றும் வழிகளே. அரிசி மாவில் புரதம் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான். வளரும் பன்றிக்கு 16 முதல் 18 பங்கு வேண்டும். புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்தால் உடலில் ஏறுவது தசை அல்ல, நிணம். பாட்டும் நிணத்தைத்தான் சொல்கிறது. புலவர் கண்டதைச் சொன்னார், நாம் கண்டதற்குக் காரணம் சொல்கிறோம், அவ்வளவே. கள் வடித்த மண்டி புரதம் மிகுந்த பொருள். குட்டிகள் அதைத் தின்றனவா? புரண்டன என்றுதான் பாட்டில் இருக்கிறது. அதற்கு மேல் போவது நம் ஆசை.

இந்த இரண்டு பாட்டுகளும் அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1889ஆம் ஆண்டு. அப்போது அவர் காவிரிக் கரையிலுள்ள கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியர். அதே 1889இல், கடலுக்கு அப்பால் ஜாவாத் தீவின் பட்டேவியாவில், சில கோழிகள் கால் மடங்கி விழுந்துகொண்டிருந்தன. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நெல்லுக்கும் கோழிக்கும் உள்ள உறவின் வரலாற்றில் அந்தக் கோழிகளைத் தாண்டிப் போக முடியாது.

பட்டேவியா ராணுவ மருத்துவமனையில் பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன். நோயாளியின் இரத்தம் செலுத்திய கோழிகள் நோயுற்றன. செலுத்தாத கோழிகளும் நோயுற்றன. ஜூலையில் தொடங்கிய நோய், நவம்பர் இறுதியில் தானாகவே நின்றும்போனது. விசாரித்தபோது உண்மை சமையலறையில் இருந்தது. ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை கோழிகளுக்கு மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருக்கிறது. பிறகு வந்த புதிய சமையற்காரர், ராணுவத்தின் சோற்றைக் குடிமைக் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்குத் திரும்பிய கோழிகள் எழுந்து நடந்தன. ஓர் அலுவலகச் சிடுமூஞ்சித்தனம் மருத்துவ வரலாற்றைத் திருப்பியது என்று சொல்லலாம்.

எய்க்மன் முதலில் தவறான முடிவுக்குத்தான் வந்தார். சோற்றில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிட்டில் அதற்கு முறிவு இருப்பதாகவும் எண்ணினார். தவிட்டோடு உடலுக்கு இன்றியமையாத ஒன்று போய்விடுகிறது என்று 1901இல் சொன்னவர், அவருக்குப் பின் அந்த ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்த கெரிட் கிரெய்ன்ஸ். 1912இல் அந்த 'ஒன்று'க்குக் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். 1926இல் பட்டேவியாவிலேயே அது தவிட்டிலிருந்து படிகமாகப் பிரிக்கப்பட்டது. 1936இல் அதைச் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், சென்னை மாகாணத்து நெல்லூரில் அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்தவர். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் தமிழர்களும் வருகிறார்கள். மலாயாவின் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் 1907இல் ஒரு நூல் எழுதினார். ஒரே ஊரில் வாழும் சீனத் தொழிலாளிகள் பெரிபெரியால் சாகிறார்கள், தமிழ்த் தொழிலாளிகள் தப்பிக்கிறார்கள், காரணம் தமிழர் உண்பது புழுங்கல் என்பது அவர் வாதம். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனவர்கள் தம் சோற்றுப் பழக்கத்தையும் கொண்டுபோயிருந்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெளிந்த விளக்கம். பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. பக்கத்திலேயே நெல்லை மட்டும் நம்பி வாழ்ந்த தஞ்சைக் கழனிக்காட்டை அது பிடிக்கவில்லை.

ஆனால் புழுங்கல் காப்பாற்றியது வைட்டமினைத்தான், புரதத்தை அல்ல. இங்கேதான் கதை பிரிகிறது.

மாடும் ஆடும் வைக்கோலைத் தின்றாலும் அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தை உண்டாக்கித் தந்துவிடுகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி இல்லை. இந்த விஷயத்தில் அவை நம்மைப் போன்றவை. லைசின், மெத்தியோனின் போன்ற சில அமினோ அமிலங்கள் தீனியிலேயே வந்தாக வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தும் பயனில்லை. 1914ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆஸ்பார்னும் மெண்டலும் எலிகளை வைத்து இதை நிறுவினார்கள். மக்காச்சோளத்தின் புரதத்தை மட்டும் கொடுத்தபோது எலிகள் மெலிந்தன, விடுபட்ட அமிலங்களைச் சேர்த்தபோது வளர்ந்தன. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் செய்த எலிச் சோதனைகளில், சோற்றை மையமாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவு தின்ற எலிகள், கோதுமையும் பாலும் சேர்ந்த சீக்கியர் உணவு தின்ற எலிகளைவிடச் சிறுத்தும் நலிந்தும் போயின. நெல்நாட்டின் பலவீனம் அதன் வயிற்றில் அல்ல, அதன் புரதத்தில் இருந்தது.

அப்படியானால் கழனிக்காட்டுக் கோழி எப்படிப் பிழைத்தது? யாரும் அதற்குத் தீவனக் கலவை எழுதித் தரவில்லை. நான்கு இடங்களிலிருந்து அதற்குத் தீனி வந்தது என்று நான் கணக்கிடுகிறேன்.

முதலாவது உரல். நெல்லைக் குத்தும்போது முதல் குத்தில் உமி பிரியும், முறத்தில் புடைத்தால் அது போய்விடும். அரிசியை மறுபடி உரலிலிட்டுத் தீட்டும்போதுதான் தவிடு வரும். உமி கலவாத அந்தத் தவிட்டில் புரதம் 12 முதல் 13 பங்கு. உடைந்த நொய்யும் குருணையும் தனி. தமிழில் தவிட்டுக்கு மதிப்பே கிடையாது. பிறந்த குழந்தைகள் தொடர்ந்து இறந்துபோன வீட்டில், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கியதாகப் பாவனை செய்வார்கள். 'தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை' என்றால் எமன்கூடச் சீண்டமாட்டான் என்பது நம்பிக்கை. அந்த மதிப்பின்மைதான் தவிட்டை ஏழை வீட்டுப் பெண்ணின் உடைமையாக ஆக்கியது. பெரிய வீடுகளுக்கு நெல் குத்தப்போனவளுக்குத் தவிடும் நொய்யும் கூலியோடு சேர்ந்தே வந்ததுண்டு. தன் கூலி நெல்லைத் தன் வாசலில் குத்தினால் அந்தத் தவிடு முழுதும் அவளுடையது.

இரண்டாவது களம். கதிரடித்துத் தூற்றிய இடத்தில் பாதி முற்றிய கருக்காயும் சிந்திய மணியும் மண்ணோடு கலந்து கிடக்கும். தை, மாசியில் குஞ்சு பொரித்த கோழிக்கு அது பெருவிருந்து. மூன்றாவது வயலும் வாய்க்காலும். நத்தை, நண்டுக்குஞ்சு, புழு, வெட்டுக்கிளி ஆகியவற்றில் லைசினும் மெத்தியோனினும் குறைவில்லை. கூலியாளும் கோழியும் ஒரே வரப்பில் நத்தை பொறுக்கிய ஊர்கள் உண்டு. அறுவடைக்குப் பின் ஊர் ஊராக வாத்து ஓட்டிவருபவர்கள் இந்தப் புரதத்தைத்தான் அறுவடை செய்கிறார்கள். நான்காவது கடல். கருவாட்டுத் தலையும் மீன் கழுவிய நீரும் புறச்சேரிக்கு அன்றும் இன்றும் இலவசம். பட்டினப்பாலையிலேயே உப்பை விற்று நெல்லை ஏற்றிவரும் படகுகள் கரையில் கட்டப்பட்டிருக்கின்றன. நெல்லும் மீனும் சந்திக்கும் இடம் அது. பரதவர் சேரியில் கோழியும் பன்றியும் பெருகியிருந்ததை அங்கே வைத்துப் பார்த்தால் வியப்பில்லை.

இந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைகளே இட்டது. கோடையில் வெள்ளைக் கழிச்சல் வந்தால் தெருவே காலியாகும். அவிழ்த்துவிட்ட பன்றி மனிதக் கழிவைத் தின்றது, நாடாப்புழுவைச் சுமந்தது, அதை வளர்த்தவர்களுக்கு ஊர் இழிவைச் சுமத்தியது. ஆயினும் மாவுச்சத்து வீட்டிலிருந்தும் புரதம் வெளியிலிருந்தும் வந்து, காசு எதுவும் கைமாறாமல், ஒரு சமநிலை நடந்துகொண்டிருந்தது.

அதை முதலில் அசைத்தது ஹல்லர். எங்கெல்பெர்க் என்ற ஜெர்மன் வழிப் பிரேசில்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இந்த உருளைப் பொறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களுக்குள் வந்தது. உரலடியில் நின்ற பெண்ணின் முதுகுவலியை அது தீர்த்தது என்பதை மறுப்பவர் உலக்கை பிடித்திராதவர். அதே சமயம், குத்துக்கூலியை அது இல்லாமலாக்கியது. தவிட்டின் தன்மையையும் மாற்றியது. ஹல்லர் உமியையும் தவிட்டையும் ஒரே அறையில் அரைத்துக் கலந்து வெளியே தள்ளுகிறது. நூறு கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 22 கிலோ, தவிடு 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உமியில் புரதம் மூன்று பங்கு, தவிட்டில் 13 பங்கு. இரண்டையும் கலந்தால் புரதம் ஐந்து பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. மீதி பெரும்பாலும் மணற்சத்தும் நாரும். பெயர் அதே தவிடுதான். கோழி அதைக் கிளறிவிட்டுப் போய்விடும்.

ஆலையரிசிக்கு எதிராக நாடளாவிய குரல் எழுப்பியவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலராக, கைக்குத்தல் அரிசியை அவர் ஒரு பொருளாதாரக் கோட்பாடாகவே முன்வைத்தார். சத்தும் வேலையும் ஒரே நேரத்தில் ஊரைவிட்டுப் போகின்றன என்றார். 1958இல் கைக்குத்தலைக் காக்க நெல் அரவைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. புதிய ஆலைக்கு உரிமம் வேண்டும் என்றது. ஆலைகள் பெருகின. 1997இல் சட்டம் நீக்கப்பட்டபோது காப்பதற்கு உரல் எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டாம் அசைவு நவீன ஆலை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. திருவாரூரில் 1960களின் பிற்பகுதியில் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையம் உருவானது. ரப்பர் உருளை உமியைத் தனியாகக் கழற்ற, மறுபடியும் தூய தவிடு கிடைத்தது. உரலடித் தவிட்டுக்கு நிகரானது. ஆனால் இப்போது அதற்கு விலை வந்துவிட்டது. நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு எண்ணெய் உள்ள பொருளை யார் கோழிக்குப் போடுவார்கள்? தவிட்டெண்ணெய் ஆலைக்கு அது லாரியில் போனது. எண்ணெய் நீக்கிய தவிடு தீவன ஆலைக்குப் போனது. தவிட்டுக்கு மதிப்பு வந்த நாளில் அது ஏழையின் கையைவிட்டுப் போயிற்று.

மூன்றாவது அசைவு கூலியில் நிகழ்ந்தது. இதைப் பற்றி எழுதுபவர்கள் அதிகமில்லை. தஞ்சை மாவட்டத்தில் கூலி என்றால் நெல். மரக்காலாலும் படியாலும் அளந்த நெல். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்கு முன்பிருந்த தகராறு, கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதைச் சுற்றி நடந்தது. நெல்லின் ஒவ்வொரு படியும் அந்த வீடுகளுக்கு எவ்வளவு கனத்தது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். பிறகு மெல்ல மெல்லக் கூலி காசாகியது. காசுக் கூலி உழைப்பாளிக்கு ஒரு விடுதலை, சந்தேகமில்லை. சோறு ரேஷன் கடையிலிருந்து வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். நெல்லாக வந்தால் உடன் தவிடு, நொய், கருக்காய், உமி எல்லாம் வரும். அரிசியாக வந்தால் அரிசி மட்டும் வரும். வீட்டில் பசி குறைந்தது, கொல்லைப்புறத்தில் தீனி குறைந்தது. இன்று அந்தக் கோழிக்குப் போடப்படுவது பெரும்பாலும் ரேஷன் அரிசியே. எய்க்மன் பார்த்தால் சற்று நின்று கவனிப்பார். புழுங்கலாக இருப்பதால் கால் மடங்காது. முட்டையும் இராது.

வயலும் மாறியது. 1960களில் தஞ்சாவூர் தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆடுதுறை 27 பரவி, பூச்சிக்கொல்லித் தெளிப்பு வழக்கமானது. வயலின் நத்தையும் நண்டும் குறைந்தன. அறுவடை இயந்திரம் வந்தபின் களம் என்பதே வழக்கொழிந்துவருகிறது. சிந்தும் மணி வயல்நடுவே கிடக்கிறது. வாத்துக்காரருக்கு லாபம், வாசற்கோழிக்கு இல்லை.

மிஞ்சியது கடல். சீர்காழிக்கு வடகிழக்கே, கொள்ளிடம் கடலில் கலக்குமிடத்தை ஒட்டிப் பழையாறு இருக்கிறது. துறைமுகத்து மணலில் கருவாடு காயும் மணம் தொலைவிலேயே வரவேற்கும். உண்ணத்தகாத பொடிமீனையும் கழிசல் மீனையும் உப்பிடாமல் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவது இக்கரையோர ஊர்களின் நெடுநாள் வியாபாரம். அது போகும் திசை நாமக்கல். ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும் கூண்டுக்கோழிகளின் ஊர். சோயாப் புண்ணாக்கு பெருகிய பின்னும் மீனுக்கு அங்கே இடமிருக்கிறது. நாமக்கல் முட்டை, 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று எனச் சத்துணவில் சேர்ந்து, பிறகு எண்ணிக்கையில் வளர்ந்தது. பழையாற்று மீனின் ஒரு துளி, லாரியேறி மேற்கே போய், முட்டையாகித் திரும்பி, சீர்காழிப் பள்ளிக்கூடத்துத் தட்டுக்கு வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குழந்தைகளுக்கு முட்டை கிடைக்கிறது. ஆனால் கரையிலேயே கிடந்த புரதத்தைக் கரைவாழ் பெண்ணின் கோழி எட்டமுடியாத விலைக்கு அந்தப் பயணம் ஏற்றிவிட்டது. புரதம்தான் தீவனத்தில் விலையுயர்ந்த பகுதி. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதிக்கவேண்டி வந்தது. பெரும் பண்ணைகளின் நிலையே அதுவென்றால் பத்துக் கோழி வைத்திருப்பவளைப் பற்றிச் சொல்லவேண்டாம்.

இப்போது மாற்றுத் தீவனத்துக்கு வருவோம். அசோலா பற்றிய உற்சாகம் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தில் கமலாசனன் பிள்ளை 2000களின் தொடக்கத்தில் செய்த பணியிலிருந்து பரவியது. காய்ந்த அசோலாவில் புரதம் இருபதிலிருந்து இருபத்தைந்து பங்கு என்பது உண்மை. துண்டறிக்கைகள் அந்த எண்ணோடு நின்றுவிடுகின்றன. பச்சை அசோலாவில் 94 பங்கு தண்ணீர். நூறு கிராம் அள்ளிப் போட்டால் கோழிக்குச் சேரும் புரதம் ஒன்றரை கிராமுக்கு மேல் இல்லை. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு கிராம் வேண்டும். அசோலா நல்ல கீரை. புண்ணாக்குக்குப் பதிலி ஆகாது. பானைக்குள் சாணமும் கிழிந்த சாக்கும் நனைத்து வைத்துக் கவிழ்த்துக் கரையான் பிடிக்கும் முறையும் அப்படித்தான். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி கிடையாது. ஆனால் அது செம்மண் காட்டின் உத்தி. நீர் தேங்கும் களிமண் பூமியில், ஐப்பசி கார்த்திகையில், கரையானுக்கே இடமில்லை.

கணக்கு மிக எளியது. குருணையும் நல்ல தவிடும் சரிபாதி கலந்தால் புரதம் பத்துப் பங்கு. முட்டைக்கோழிக்குப் பதினாறு வேண்டும். ஐம்பது பங்கு புரதமுள்ள உலர்மீன் கிடைத்தால், 85 பங்குக் கலவைக்கு 15 பங்கு மீன் போதும். கடலைப் புண்ணாக்கு என்றால் 81க்கு 19. ஆனால் கடலைப் புண்ணாக்கில் லைசினும் மெத்தியோனினும் குறைவு. சிறிதளவு மீன் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். குஞ்சுகளுக்கு இருபது பங்கு வேண்டும். வளர்ந்து திரியும் கோழிக்கு இவ்வளவு தேவையில்லை, மீதியை அது தேடிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: கடைத்தெருக் கருவாட்டைப் போடக்கூடாது. நூற்றில் பதினைந்து, இருபது பங்கு உப்புள்ள கருவாட்டை மேற்சொன்ன அளவில் கலந்தால் தீனியில் உப்பு இரண்டு, மூன்று பங்காகிவிடும். கோழி தாங்குவது அரைப் பங்கு. தண்ணீர் குறைவான நாளில் அது நஞ்சேதான். உப்பிடாத பொடிமீனையே கேட்டு வாங்கவேண்டும்.

பன்றிக்கு இன்று ஓட்டல் மிச்சம். நம் ஓட்டல்களின் மிச்சம் பெரும்பாலும் சோறும் குழம்பும். ஆகவே பெரும்பாணாற்றுப்படையின் குழிப்பன்றிக்கு நேர்ந்ததே வெண்பன்றிக்கும் நேர்கிறது. எடை ஏறும், நிணமாக ஏறும். மீன் சந்தையின் குடலும் தலையும் அதோடு சேர்ந்தால் நிலை மாறும். ஆனால் எல்லாவற்றையும் நன்கு கொதிக்கவைத்த பிறகே. இறைச்சி மிச்சத்தின் வழியாகப் பரவக்கூடிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாச்சலத்திலும் நுழைந்து, பின்னர் தமிழ்நாட்டையும் எட்டிவிட்டது. அதற்கு மருந்து இல்லை. விறகுச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் 'இலவசத் தீனி' என்று எழுதுபவர்கள் பன்றி வளர்க்கிறவர்கள் அல்லர்.

எல்லாக் கலவையும் கடைசியில் மழைக்காலத்தில் சோதிக்கப்படும். 2022 நவம்பர் 11ஐ ஒட்டி ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நூற்றாண்டு காணாத மழை. அத்தகைய நாட்களில் கோழி திண்ணையைவிட்டு இறங்காது, வயலின் புரதம் நீருக்கடியில் கிடக்கும். சேமித்த தீனியும் ஆபத்தில் இருக்கும். தவிட்டின் எண்ணெய் ஈரத்தில் விரைவில் சிக்கடித்துப்போகும். புண்ணாக்கில் பூஞ்சணம் ஏறும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டது பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு அப்போதுதான் அடையாளம் காணப்பட்டது. ஆகவே புரட்டாசி வெயிலிலேயே உப்பில்லாப் பொடிமீனைக் காய்த்து, மூடியுள்ள தகரடப்பாவில் உயரத்தில் வைத்துவிடவேண்டும். தவிட்டைப் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கிவைக்கக்கூடாது. நிறம் மாறிய புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது, அந்த நஞ்சு வெயிலுக்கும் அடுப்புக்கும் அழியாது.